கோலா பிலாவில் ஜப்பான் பூதம் பார்த்த ஞாயிறு

கோலா பிலாவுக்கு ஒரு நாள் பயணம் போகிறேன், வழியில் என்ன பார்க்கலாம் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அந்தச் சடக்கில் நூறு தடவையாவது போயிருப்பேன். எழுதத் தோன்றுவது ஒரே ஒரு பயணம்தான். மலாயா சுதந்திரத்துக்குக் கொஞ்சம் முந்திய அவசரகாலம், காட்டில் கம்யூனிஸ்டுகளும் வெளியே பட்டாளமும் சண்டை போட்ட நேரம். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. ஊரடங்கு பார்த்து மூச்சுவிட்ட நாளில் சினிமாவுக்குப் போனோம் என்றால் அதற்குக் காரணம் நானில்லை, என் மனைவி ராசம்மா.

தோட்டத்து லாரி ஓட்டும் மாணிக்கம் அண்ணன்தான் செய்தி கொண்டுவந்தார். ஜப்பான்காரன் எடுத்த படமாம். கடலிலிருந்து மலை உயரத்துக்கு ஒரு மிருகம் எழுந்து வந்து பட்டணத்தையே துவம்சம் செய்கிறதாம். அடுப்படியிலிருந்த ராசம்மா வெளியே வந்தாள்.

"யாரு ஊர மிதிக்குது?"

"ஜப்பான்காரன் ஊரத்தான் தங்கச்சி."

"அப்ப நான் பாக்கணும்."

ஜப்பான்காரன் காலத்தில், அவளுக்கு எட்டு வயதிருக்கும்போது, அவள் அப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். மனிதர் திரும்பவே இல்லை. இதுவும் மாமியார் சொல்லி எனக்குத் தெரிந்ததுதான். ராசம்மா வாயே திறந்ததில்லை. அவர்கள் ஊர் அழிவதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

எங்கள் தோட்டம் கோலா பிலாவிலிருந்து தம்பின் போகும் சடக்கில் ஒன்பதாவது மைல். நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளைச் சுற்றி இரட்டைக் கம்பி வேலி, ஒரே கேட். மாலை ஆறு மணிக்குப் பூட்டினால் விடிந்துதான் திறப்பார்கள். வெளியே மாட்டிக்கொண்டவனைப் பட்டாளம் சுட்டாலும் கேட்க நாதியில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் தோட்டத்து லாரி சாமான் வாங்கக் கோலா பிலா பாசாருக்குப் போகும். கிளம்பும்போது கேட்டில் எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள், காட்டிலிருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று. ராசம்மா முந்தானையில் முடிந்திருந்த பொரியும் பிடிபட்டது.

"அண்ணே, இது எனக்கு லா, காட்டுக்காரனுக்கு இல்ல" என்றாள். காவலுக்கு நின்றவர் சிரித்தார், பொரியைத் திருப்பித் தரவில்லை.

ஒன்பது மைலுக்கு ஒரு மணி நேரம் ஆனது. வழியில் இரண்டு இடத்தில் பட்டாளத்துக்காரர்கள் நிறுத்தினார்கள். இரண்டு பக்கமும் ரப்பர் பால்மரம் இருட்டிக்கொண்டு நிற்கும். வளைவு வந்தால் மாணிக்கம் அண்ணன் முருகனைக் கூப்பிடுவார். இறங்கும்போதே சொல்லிவிட்டார்: "படம் மூணு மணிக்கு, லாரி நாலரைக்கு. முடிவு பாக்க முடியாது லா, அப்புறம் என்னைத் திட்டாதீங்க."

முன் பெஞ்சு முழுக்கத் தோட்டத்து ஆட்கள். படத்தில் பேசியது ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, புரியவும் வேண்டியிருக்கவில்லை. முதலில் மிருகத்தைக் காட்டவே இல்லை. கடல் கொதித்தது. பிறகு மரங்களுக்கு மேலே ஒரு முதுகு நகர்ந்து போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. கொட்டகை முழுக்க ஒரே நேரத்தில் அண்ணாந்தோம். அத்தனை பெரிய உயிரை நான் கனவிலும் கண்டதில்லை. பயத்தைவிடக் கும்பிட வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது.

அது ரயில் பாதையில் கால் வைத்தது. தண்டவாளம் முறுக்கு மாதிரி சுருண்டது. ராசம்மா பெஞ்சு விளிம்பை இறுக்கிப் பிடித்தபடி, "மிதி. நல்லா மிதி" என்றாள்.

அப்போதுதான் படத்தில் அபாயச் சங்கு ஊதியது. எங்கள் தோட்டத்துச் சங்கு போலவே ஏறி இறங்கி ஊதியது. சங்கு கேட்டால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு, அடையாளக் கார்டோடு வெளியே வந்து வரிசையில் நிற்க வேண்டும். அது எங்கள் உடம்பில் ஊறிப்போன பழக்கம். தோட்டத்து ஆட்கள் மொத்தமாக எழுந்தோம். தள்ளுமுள்ளு இல்லை, ஒரு சத்தமில்லை. வாசலில் வெயிலில் வரிசையாக நின்று கார்டை நீட்டினோம். டிக்கெட் கிழிக்கும் சீனர் எங்களைப் பார்த்துத் திகைத்து, தன் சட்டைப் பையிலும் கார்டைத் தேட ஆரம்பித்தார். பிறகுதான் அவருக்கு விளங்கியது. "வாயாங் லா, வாயாங்!" சினிமாதான் என்று மலாயில் சொல்லி, எங்களை உள்ளே விரட்டினார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் திரும்பினோம்.

ராசம்மா மட்டும் வெளியே வரவே இல்லை. இடம் மாறி, கதவை ஒட்டிய பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருந்தாள். திரையில் ஊரே தீப்பற்றி எரிந்தது. ஜப்பான் சனங்கள் மூட்டையும் பிள்ளையுமாக ஓடினார்கள். அவள் கன்னமெல்லாம் கண்ணீர். "ஓடுங்க. புள்ளயத் தூக்கிக்கிட்டு ஓடுங்க" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

நாலரை லாரியில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தோம். மிருகம் செத்ததா என்று யாரிடமாவது கேட்டுச் சொல்லவா என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். இரண்டாவது சோதனை தாண்டிய பிறகு, தானாகவே பேசினாள்.

"எங்கப்பாவ எப்படிப் புடிச்சாங்க தெரியுங்களா? சும்மா படம் காட்டுறோம், வாங்கன்னு கூப்பிட்டாங்க. எல்லாரும் உள்ள போனதும் கதவப் பூட்டி, அப்படியே சயாமுக்கு ஏத்திட்டாங்க. அதுக்கப்புறம் நான் கொட்டகைக்குள்ள வந்தது இன்னைக்குத்தான்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அன்னைக்கு யாரும் சங்கு ஊதலைங்க. ஊதியிருந்தா, அப்பாவும் உங்கள மாதிரி எந்திரிச்சு வெளிய வந்திருப்பாரு."

ஆறு மணிக்கு முன்பே கேட்டுக்குள் வந்துவிட்டோம்.

போக நினைப்பவர்களுக்கு: அந்த ஒன்பது மைல் இப்போது காரில் கால் மணி நேரம். வளைவுகள் குறையவில்லை, மழை நாளில் நிதானம் தேவை. தம்பினில் பசியாறிவிட்டுக் காலையிலேயே கிளம்புங்கள். கொட்டகை இருந்த இடத்தில் மரச்சாமான் கடை இருக்கிறது. தன்மையாகக் கேட்டால் உள்ளே விடுவார்கள். இன்னொன்று. எங்கள் தோட்டத்து வயதானவர்கள் யாரையாவது சினிமாவுக்கு அழைத்துப்போனால், ஏன் என்று கேட்காமல் கதவோரமாக உட்கார வையுங்கள்.