நாலாவது அத்தியாயமும் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜும்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் இருக்கும் டப்பாவை யாரும் தொடக் கூடாது. உள்ளே ஈரமண், மண்புழுக்கள். அதுதான் அக்காவின் முனைவர் பட்டம்.

மழை பெய்தால் மண்புழு ஏன் மேலே வருகிறது என்பது அவள் ஆராய்ச்சி. இரண்டு நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் படிப்பு என்பதால் வழிகாட்டிகளும் இரண்டு பேர். இங்கே ஒரு பேராசிரியர், கடல் தாண்டி ஒரு மேடம். நான் அவர்களைச் சம்பந்திகள் என்றுதான் சொல்வேன். "நீங்க சொன்னா சரிதான்" என்பார் இவர். "ஐயோ, முதல்ல நீங்க சொல்லுங்க" என்பார் அவர். இப்படியே ஒரு மணி நேரம் ஓடிவிடும், அக்கா கேட்ட கேள்வி அப்படியே கிடக்கும்.

அக்காவோ பிறந்ததிலிருந்து 'மாட்டேன்' என்று சொல்லி அறியாதவள். கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வரும் நான் என் டிபன் பாக்ஸை அவள் பக்கம் தள்ளினால், அதையும் கழுவி வைப்பாள். அந்தக் குணத்தில் நான் ஒரு குறையும் கண்டதில்லை.

எல்லா வினையும் நாலாவது அத்தியாயத்தில் இருந்தது. வெயில் நாட்டு மண்ணில் வளர்ந்த புழுவைக் குளிரில் வைத்தால், குளிர் நாட்டுப் புழு மாதிரி நடக்குமா? முதல் கூட்டத்தில் யாரோ கேட்டுவைத்தார்கள். "மேடம் ஆசைப்படுறாங்கம்மா, இன்னொரு தடவை சோதனை பண்ணிடேன்" என்பார் சார். "உங்க சார் மனசு கஷ்டப்படக் கூடாது, இன்னும் கொஞ்சம் எழுதலாம்" என்று மேடம் தனியாக மெயில் போடுவார். ஆய்வுக்கூடத்துக் குளிர்பெட்டி பழுதானதும் புழுக்கள் எங்கள் வீட்டுக்குக் குடி வந்தன. அம்மா தயிரைப் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தாள். புழுக்கள் சுருண்டு தூங்கின. அக்கா அதற்கும் அட்டவணை போட்டாள்.

அந்தச் சமயத்தில் அவளுக்கு ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. வாழ்க்கையில் முதல் வேலை. மாத முடிவுக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தால்தான் அது அவளுக்கு, இல்லையென்றால் அடுத்த ஆளுக்கு. மற்ற அத்தியாயங்கள் எல்லாம் தயார். அக்கா ஃப்ரிட்ஜில் சாய்ந்துகொண்டு அழுதாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"யாருக்குடி அந்த அத்தியாயம் வேணும்னு கேட்டுத் தொலையேன்!"

"எப்படிக் கேக்குறது? யாராவது ஒருத்தர் மனசு நோகும்."

"புழு மனசு நோகலையா?"

மறுநாள் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து வழிகாட்டிகள் இரண்டு பேரையும் வீடியோவில் அழைத்தாள். அம்மா எதிரே உட்கார்ந்து, நறுக்கிய வெங்காயத்தையே திரும்ப நறுக்கிக்கொண்டிருந்தாள். சம்பந்திகள் வழக்கம்போல உபசாரத்தில் இறங்கினார்கள்.

"சார், மேடம், ஒரு நிமிஷம்." அக்கா குறுக்கே புகுந்தாள். "நாலாவது அத்தியாயம் யாருக்கு வேணும்?"

"மேடத்துக்குத்தாம்மா" என்றார் சார்.

"எனக்கா? உங்க ஆசைன்னுல்ல நான் இத்தனை வருஷமா பொறுத்துக்கிட்டேன்!"

"நானும் அப்படித்தான் மேடம்!"

அம்மாவின் கத்தி நின்றது. கடைசியில் மேடம்தான் கேட்டார்: "சரி, உனக்கு வேணுமாம்மா?"

இதுவரை அவளிடம் யாருமே கேட்காத கேள்வி. நானும் கேட்டதில்லை. அக்கா ஃப்ரிட்ஜைப் பார்த்தாள்.

"வேண்டாம்" என்றாள். பிறகு, ருசி கண்டவள்போல, இன்னும் சத்தமாகச் சொன்னாள்: "வேண்டவே வேண்டாம். குளிர்ல புழு தூங்குது. அவ்வளவுதான் அதுல இருக்கு!"

அந்த ஒரு வரி மட்டும் மூன்றாவது அத்தியாயத்தின் கடைசியில் போய்ச் சேர்ந்தது. ஆய்வேடு அந்த வாரமே போனது, வேலையும் உறுதியானது. புழுக்களைத் தோட்டத்தில் விட்டோம். அம்மா நடுத்தட்டை வெந்நீர் ஊற்றித் தேய்த்துத் தயிரை வீட்டுக்கு அழைத்து வந்தாள்.

அன்று சாயங்காலம் கடையிலிருந்து வந்து, வழக்கம்போல டிபன் பாக்ஸை அக்கா பக்கம் தள்ளினேன்.

"மாட்டேன்" என்றாள், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே. "நீயே கழுவு."

சம்பந்திகள் இரண்டு பேரும் நன்றாக இருக்கட்டும். வயிற்றெரிச்சலோடு எழுந்து போய்க் கழுவினேன். கழுவும்போது சிரிப்பும் வந்தது.