மிதித்தால் நடுங்கிய கார்

போன மாதம் சாத்தூரைத் தாண்டி ஒரு லாரியை முந்துவதற்காக ஆக்சிலேட்டரை அழுத்தினேன். கார் நடுங்கியது. காலை எடுத்ததும் நடுக்கம் நின்றுவிட்டது. மறுபடி மிதித்தேன், என் சீட்டுக்கு அடியில் யாரோ மாவு மில் ஓட்டுவதுபோல மறுபடி நடுக்கம். சர்வீஸ் சென்டரில் ஓர் இளைஞர் லேப்டாப்பைச் செருகிப் பார்த்தார். பிறகு காரை உயரத் தூக்கி நிறுத்தி அடியில் போனார். "ஆக்ஸில்ல உள்பக்க ஜாயிண்ட் தேஞ்சிருக்கு சார். மாத்திட்டா சரியாயிரும்" என்றவர், கையைத் துடைத்தபடி சாதாரணமாகக் கேட்டார்: "அடியில எங்கயாச்சும் இடிச்சீங்களா?"

இல்லை என்றேன். உண்மைதான். ஆனால் பல வருஷங்களுக்கு முன்னால் இதே கேள்வி வந்தபோது உண்மையை மறைத்தவன் நான்.

அப்போது சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஆர்டர் எடுக்கும் வேலை எனக்கு. முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். அவரிடம் ஒரு வெள்ளை அம்பாசிடர் இருந்தது. அச்சாபீஸிலிருந்து ஈரம் காயாத லேபிள்களைப் பின்சீட்டில் போட்டுக் கொண்டுவருவதால் காருக்குள் எப்போதும் மை வாசனை. இன்றைக்கும் யாராவது புதுக் கல்யாணப் பத்திரிகை நீட்டினால் எனக்கு அந்தக் கார்தான் முதலில் ஞாபகம் வரும். மாப்பிள்ளை, பெண் பெயரெல்லாம் அப்புறம்தான்.

அதை ஓட்டியவர் நாரணாபுரத்துக் கனகராஜ் அண்ணன். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் காட்டு வேலைக்குப் போனவர்கள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக ஸ்டீரிங் பிடித்தவர் அவர். கொஞ்சம் கர்வம் உண்டு. "ஒரு சின்னக் கல்லு டயர்ல ஏறுனாலும் எனக்குத் தெரியும் தம்பி" என்பார். பொய்யில்லை. அவர் ஓட்டும்போது பின்சீட்டில் உட்கார்ந்து டீ குடிக்கலாம், ஒரு சொட்டு சிந்தாது.

எனக்கு அப்போதுதான் லைசென்ஸ் வந்திருந்தது. சட்டைப் பையில் அது வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு திரிந்தேன் என்றால் என் லட்சணம் உங்களுக்குப் புரிந்திருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் ஆணியில் தொங்கிய சாவியை யாரிடமும் கேட்காமல் எடுத்தேன். இரண்டு சிநேகிதர்களை ஏற்றிக்கொண்டு ஆனைக்குட்டம் அணைக்குப் போனேன். வழியெல்லாம் ஹாரன், ஆடுகள்கூட என்னை மதிக்கவில்லை. அங்கே காரைத் திருப்ப ரிவர்ஸ் எடுத்தபோது பின்சக்கரம் கரையிலிருந்து சறுக்கி இறங்கியது. வண்டியின் அடிவயிற்றில் ஒரு கல் 'டங்'கென்று மோதியது. தள்ளி மேலே ஏற்றினோம். குனிந்து பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. பயத்தில் ஊர்ந்து வந்து, மண்ணைக் கழுவித் துடைத்து, சாவியை ஆணியில் மாட்டினேன்.

மறுநாள் கனகராஜ் அண்ணன் என்னிடம்தான் முதலில் சொன்னார். "தம்பி, மிதிச்சா வண்டி நடுங்குது. காலை எடுத்தா ஒளுங்கா ஓடுது. என்னன்னு வெளங்கல."

"பழைய வண்டிதானண்ணே" என்றேன்.

அண்ணாச்சி எங்கள் இருவரையும் காரோடு விருதுநகரில் ஒரு பட்டறைக்கு அனுப்பினார். மெக்கானிக் சுப்புராஜ் முதலில் சக்கரங்களைச் சந்தேகப்பட்டார். பாலன்ஸ் பார்த்தும் நடுக்கம் போகவில்லை. அடுத்து, இன்ஜின் உட்கார்ந்திருக்கும் ரப்பர்களை மாற்றினார். அப்படியும் போகவில்லை. அந்த மனிதர் மூன்று நாளாகத் தேடிக்கொண்டிருந்ததை நான் ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம்.

கடைசியில் சுப்புராஜ், அண்ணனை ஓட்டச் சொல்லி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பின்சீட்டில். "மிதிங்க. இப்ப காலை எடுங்க. அதே வேகத்துல நியூட்ரல்ல விடுங்க." மிதிக்கும்போது மட்டும்தான் நடுங்கியது. "சக்கரம்னா எப்பவும் ஆடணும்ல. இது இன்ஜின் இழுக்கும்போதுதான் ஆடுது" என்றவர், பட்டறைக்குத் திரும்பியதும் அடியில் படுத்தார். கியர்பாக்ஸைத் தாங்கும் பட்டை வளைந்திருந்தது. அதனால் பின்சக்கரத்துக்குப் போகும் நீளத் தண்டு கோணலாகச் சுற்றி, அதன் முனை ஜாயிண்ட் விட்டுப்போயிருந்தது. "இன்னும் கொஞ்சம் ஓடிருந்தா தண்டு கழண்டு ரோட்டுல குத்தி வண்டி கவுந்திருக்கும். அடியில எங்கயாச்சும் இடிச்சீகளா?"

கனகராஜ் அண்ணன், "எனக்குத் தெரிஞ்சு இல்லையே" என்று என் பக்கம் திரும்பினார். சந்தேகமாக இல்லை, சாட்சிக்காக. "தம்பி, போன வாரம் அச்சங்குளம் போனமே, ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சா?"

"ஞாபகம் இல்லண்ணே" என்றேன்.

பட்டையும் ஜாயிண்டும் மாற்றியதும் கார் பழையபடி ஓடியது. அண்ணாச்சி திட்டவே இல்லை. "இரும்புதானப்பா, இடிக்கத்தான் செய்யும். வண்டிய எடு" என்றார். கனகராஜ் அண்ணன் சாவியை மேஜைமேல் வைத்தார். "வேண்டாம் அண்ணாச்சி. உங்க வீட்டுப் பச்சப் புள்ளைகள என்னைய நம்பிப் பள்ளிக்கூடத்துக்கு ஏத்தி விடுறீக. இடிச்சதே எனக்குத் தெரியலைன்னா, நாளைக்கு ஒரு ஆள இடிச்சாலும் தெரியாது."

அண்ணாச்சி எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து எங்கள் கம்பெனியிலேயே காகிதக் குழாய் உருட்டும் பகுதிக்குப் போய்விட்டார். விரலெல்லாம் பசையோடு தினமும் என்னைப் பார்த்துச் சிரிப்பார். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தேன். இப்படியே இரண்டு வருஷம் போனது. பிறகு வேறு வேலை கிடைத்து மதுரைக்குப் போய்விட்டேன்.

சர்வீஸ் சென்டரிலிருந்து கார் வந்த அன்று நேரே நாரணாபுரம் போனேன். கனகராஜ் அண்ணன் நன்றாகத் தளர்ந்திருந்தார். என் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டார். "வாங்க தம்பி, சாப்பிட்டீகளா?" பதில் சொல்லாமல், உட்காரக்கூடச் செய்யாமல், எல்லாவற்றையும் சொன்னேன்.

கேட்டு முடித்ததும் அவர், "எங்கன வச்சு?" என்றார்.

"ஆனைக்குட்டம் கரையிலண்ணே."

"அப்ப நான் இடிக்கலையா?" உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏளா, கேட்டியா? நான் இடிக்கலையாம்!"

அவர் மனைவி வெளியே வந்தார். என்னையே பார்த்தார். "சோத்துல கைய வச்சுக்கிட்டே, எங்கன இடிச்சேன் எங்கன இடிச்சேன்னு கேப்பாருய்யா. அம்புட்டு வருசம். ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

மன்னிப்புக் கேட்டேனா என்றுகூட இப்போது சரியாக நினைவில்லை. கேட்டிருந்தாலும் அது அவர் காதில் விழவில்லை.

அண்ணாச்சி இன்று இல்லை. அம்பாசிடர் பழைய இரும்புக்குப் போயிற்று. சுப்புராஜின் பட்டறை இருந்த இடத்தில் செல்போன் கடை. அவையெல்லாம் காலத்தோடு போனவை. கனகராஜ் அண்ணன் அலமாரியைத் துழாவி, பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து தன் பழைய லைசென்ஸை எடுத்து வந்தார். அன்று சாவியை மேஜைமேல் வைத்த பிறகு அதை ஒரு தடவைகூடப் புதுப்பிக்கவில்லை. போட்டோவில் அவர் தலைமுடி கருகருவென்று இருந்தது. அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"என்ன தேதி வரைக்கும் போட்டிருக்குன்னு பாருங்க தம்பி. எனக்குக் கண்ணு தெரியல."