அக்கா விடச் சொன்ன நாலு விரல் இடைவெளி

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். இப்படிப்பட்ட மலரில் அடக்கமாகத்தான் எழுத வேண்டும் என்று எனக்கும் தெரியும். அத்தான் தாளைக் கொடுக்கும்போதே, "மாப்ள, ஆரம்பத்துலயே குதிக்காதீக" என்றுதான் கொடுத்தார். என்னால் முடியவில்லை. அக்கா பலப்படுத்திய பாலம் பூகம்பத்தில் ஆடியது, ஆடி முடித்து அப்படியே நின்றுவிட்டது! இந்தச் செய்தியைக் கேட்காமலே அக்கா போய்விட்டார். நீங்களாவது முழுசாகக் கேளுங்கள்.

அக்கா பிறந்தது பள்ளத்தூரில். அப்பாவுக்குக் கண்மாய்ப் பாசனத்தில் கொஞ்சம் வயல் இருந்தது. உள்ளூரில் பள்ளிப் படிப்பை முடித்து, தினமும் பஸ் ஏறிப் போய்க் காரைக்குடியில் பொறியியல் படித்தார். இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அப்பா தவறிவிட்டார். "புள்ளைய நிறுத்திட்டு ஒரு மாப்பிள்ளையப் பாருங்க" என்று சொன்னவர்கள் இன்றைக்கும் இந்தப் பந்தலில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன், அவர்களுக்கே தெரியும். அம்மா அசைந்து கொடுக்கவில்லை. அக்கா காலையில் வயலுக்குத் தண்ணீர் திருப்பிவிட்டு, சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவார். நான் பத்தாவதோடு கும்பிடு போட்டுவிட்டுக் கொத்தனார் வேலைக்குப் போனேன். அதற்காக அம்மாவைவிட அக்காதான் அதிகம் அழுதார்.

படிப்பு முடிந்து அக்காவுக்குக் கிடைத்த வேலை, நகரங்களில் இருக்கும் பழைய பாலங்களைப் பூகம்பம் தாங்கும்படி பலப்படுத்துவது. ஊரில் எல்லாருக்கும் சிரிப்பு. ஒரு கல்யாண வீட்டில் சித்தப்பா கேட்டேவிட்டார்: "நம்ம பக்கம் பூமி ஆடுனதே இல்லையே ஆத்தா, உனக்கு எதுக்கு இந்த வேலை?"

"அது ஆடுற ஊர்லயும் சனம் இருக்குல்ல சித்தப்பா" என்றார் அக்கா. அதற்கு மேல் சித்தப்பா சாம்பாரைத்தான் பார்த்தார்.

வடக்கே மலையடிவாரத்தில் ஒரு பெரிய நகரம். ஆற்றின் குறுக்கே அரதப் பழசான ஒரு பாலம். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், காய்கறி வண்டிகள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் என்று ஊரே அதன்மேல்தான் போகும். அந்தக் காலத்துப் பாலங்களில் தூணின் தலையில் உத்திரம் சும்மா உட்கார்ந்திருக்கும். பூமி பலமாக ஆடினால் உத்திரம் நழுவி ஆற்றில் விழும். அக்காவின் குழு தூண்களைச் சுற்றிப் புதிதாகக் கம்பி கட்டி கான்கிரீட் சட்டை போட்டது. ஜாக்கி வைத்துப் பாலத்தையே தூக்கி, அடியில் இருந்த பழைய தாங்கிகளை எடுத்துவிட்டு ரப்பர் மெத்தைகளை வைத்தது. வண்டி வண்டியாகச் சனம் போன பாலத்தைப் பூப்போலத் தூக்கியதை அக்கா அனுப்பிய வீடியோவில் கண்ணால் பார்த்தவன் நான்! கடைசியாக, உத்திரம் நழுவாமல் இருக்க அதன் இரு பக்கமும் கான்கிரீட் தடுப்புகள் கட்ட வேண்டும். அந்த வேலைக்குத்தான் என்னையும் நம் பக்கத்து ஊர் கொத்தமங்கலத்துக் கொத்தனார்கள் பத்துப் பேரையும் அக்கா வரவழைத்தார்.

தடுப்புக்கும் உத்திரத்துக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருக்க வேண்டும் என்று வரைபடத்தில் இருந்தது. தடுப்புகளைக் கட்டி முடித்த சமயத்தில் அக்கா ஒரு கூட்டத்துக்காக இரண்டு நாள் வெளியூர் போயிருந்தார். எனக்கோ அந்தச் சந்துகளைப் பார்க்கப் பார்க்கக் கை பரபரத்தது. செட்டிநாட்டு வீடுகளில் பூச்சு வேலை பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். சுவரில் நூல் அளவு சந்து தெரிந்தாலும் வீட்டுக்கார ஆச்சி, "என்னப்பா, வேலைய அரைகொறயா விட்டுட்டுப் போறீகளே" என்று மானத்தை வாங்கிவிடுவார். எல்லாச் சந்தையும் கலவை போட்டு அடைத்தோம். அடைத்ததோடு விட்டோமா? தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கினோம். ஆச்சி வீட்டுச் சுவரில் பளபளப்புக்குப் பூசுகிற முட்டை வெள்ளைக்கரு ஒன்றுதான் பூசவில்லை.

அக்கா திரும்பி வந்து ஏணியில் ஏறிப் பார்த்தார்.

"இத யாருடா அடைச்சா?"

"நாந்தான்க்கா. எப்படி இருக்கு?" பாராட்டு வரும் என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"அடப்பாவி! பாலத்தக் கட்டிப் போட்டுட்டியேடா!"

பத்துப் பேர் முன்னால், அதிகாரிகள் முன்னால், வாங்கு வாங்கென்று வாங்கினார். "டவுன் பஸ்ல கால விறைச்சுக்கிட்டு நிக்கிறவன் பிரேக் போட்டா விழுந்துருவான்ல? கொஞ்சம் ஆடிக்கொடுத்தாத்தான நிப்பான்? பாலமும் ஆடணும்டா! ஆட எடமில்லாட்டி முட்டி மோதித் தடுப்பும் ஒடையும், உத்திரமும் ஒடையும்!"

திறப்பு விழாவுக்கு நான்கு நாட்கள்தான் இருந்தன. அவ்வளவு உயரத்தில் யார் ஏறிப் பார்க்கப் போகிறார்கள், இப்போது திறந்துவிடலாம் என்றார்கள் அதிகாரிகள். அக்கா கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லிவிட்டார். விழா தள்ளிப் போனது. நாங்கள் பதினோரு நாள் தொங்கிக்கொண்டு உளியால் கொத்தினோம். ஒவ்வொரு இடைவெளியிலும் அக்கா தன் கையை நுழைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக விட்டார்.

எனக்கு மானம் போய்விட்டது. அடைத்தது யார் என்று அதிகாரிகளுக்கு என் பெயரை எழுதித்தான் கொடுத்திருப்பார், தண்டனையாகத்தான் எங்களையே கொத்த விட்டார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு ஊர் திரும்பினேன். எட்டு மாதம் அக்காவின் போனை எடுக்கவில்லை. மணி அடித்தால் மனைவியிடம் நீட்டிவிடுவேன். அப்புறம் ஒரு நாள் மனைவி போனைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள். அக்காவுக்குப் புற்றுநோய் என்றாள்.

மதுரை ஆஸ்பத்திரியில் பக்கத்திலேயே இருந்தேன். ஊர்க்கதை, மழை, மாடு எல்லாம் பேசினோம். பாலத்தைப் பற்றி மட்டும் நான் வாயைத் திறக்கவில்லை. கடைசி வாரத்தில் அக்காவே கேட்டார்: "ஒருக்க ஆடி நின்னாத்தான்டா தெரியும், நாம செஞ்சது சரியான்னு. அந்தப் பக்கம் போனா ஏறிப் பாருடா." நான் தலையை ஆட்டினேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. நான்கு நாளில் அக்கா கண்ணை மூடிவிட்டார்.

ஐந்து மாதம் கழித்து ஒரு காலை, பள்ளிக்கூட நேரம். அந்த ஊரிலேயே வேலையில் தங்கிவிட்ட நம் கொத்தனார் கருப்பையாவிடமிருந்து போன். கத்துகிறான், காது கிழிகிறது.

"அண்ணே, ஆடிருச்சுண்ணே! பூமி ஆடிருச்சு! நான் பாலத்துக்கிட்டதான் நிக்கிறேன்!"

"டேய், பாலம் என்னடா ஆச்சு?"

"ஆடுச்சுண்ணே! அங்குட்டும் இங்குட்டும் ஆடுச்சு! ஆடிட்டு நின்னுருச்சுண்ணே! பள்ளிக்கூட வேனெல்லாம் மேலதான் நிக்குது, ஒரு புள்ளைக்கும் ஒண்ணுமில்ல!"

நான் நடுத்தெருவில் நின்று கத்தினேன். பள்ளத்தூரே வெளியே வந்து பார்த்தது. அன்றைக்கே ரயில் ஏறினேன். அங்கே பாலப் பிரிவுப் பொறியாளர் அம்மையார் ஒருவர், அக்காவோடு வேலை பார்த்தவர், என்னை ஏணியில் ஏற்றிக் காட்டினார். உத்திரம் நகர்ந்து வந்து தடுப்பை இலேசாக உரசிய கீறல் தெரிந்தது. நாலு விரலும் அந்த ஆட்டத்துக்குத் தேவைப்பட்டிருக்கிறது! நாங்கள் அடைத்தபடியே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்ததும் ஏணியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன்.

அக்காவின் கடைசி நாட்களில் உடனிருந்து பார்த்துக்கொண்ட மதுரை செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுக்க வேன் பிடித்து வந்த கொத்தமங்கலத்துக் கொத்தனார்களுக்கும், ஒரு வாய்க் கஞ்சிக்காக மணிக்கணக்கில் கெஞ்சிக் கெஞ்சி ஊட்டிய அத்தானுக்கும், காரியங்களுக்குத் தோள் கொடுத்த பள்ளத்தூர், நாச்சியாபுரம் உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்னும் ஒருவருக்கு நன்றி பாக்கி இருக்கிறது.

ஏணியிலிருந்து இறங்கியதும் அந்தப் பொறியாளர் ஒரு கோப்பைப் பிரித்து ஒரு தாளைக் காட்டினார். அக்காவின் கையெழுத்து. ஆங்கிலத்தில் இருந்ததை எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். எங்களைத் திருப்பி அனுப்பச் சொல்லி அதிகாரிகள் எழுதிய கடிதத்துக்கு அக்கா எழுதிய பதில் அது. "இடைவெளி அடைபட்டது என் தவறு. அளவைச் சொன்னேன், காரணத்தைச் சொல்லவில்லை. இவர்களைவிட நல்ல கைகள் எனக்குக் கிடைக்காது. இவர்களே திருத்துவார்கள்" என்று இருந்தது. கீழே போட்டிருந்த தேதி, அக்கா என்னைத் திட்டிய அதே நாள்.

என் எட்டு மாதக் கோபம் முழுக்க அந்தத் தாள் அங்கேதான் இருந்திருக்கிறது. நன்றிக்கா. என்ன மன்னிச்சுரு அக்கா.