மெதுவாக நடப்பது எப்படி

ஊரெல்லாம் விடியற்காலையில் வாக்கிங் போகும். எங்கள் கூட்டம் போவது ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. காசிமேட்டில் மீன் விற்கும் அக்காவுக்கு விடியற்காலை என்றால் வியாபாரம். வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் பாய்க்கு அது தொழுகை, அப்புறம் தூக்கம். எனக்கு வெறும் தூக்கம். மார்கழியில் மட்டும் வெயில் எங்களிடம் கொஞ்சம் மரியாதையாக நடந்துகொள்ளும்.

போன மார்கழியில் எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றோரம் நடந்தோம். வடசென்னைக்காரர்களான எங்களுக்குக் கிராமம் என்றால் புகைபோக்கிகள் கொஞ்சம் தள்ளி நிற்கிற இடம், அவ்வளவுதான். அன்று நாலாவது ஆளாக, நாங்கள் எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடுகிறவரும் வந்திருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். முன்பெல்லாம் நடையில் எங்களை ஓட ஓட விரட்டியவர். நெஞ்சில் ஆபரேஷன் ஆன பிறகு இதுதான் முதல் நடை. டாக்டர் நடக்கச் சொல்லிவிட்டார், இவருக்குத்தான் தைரியம் வரவில்லை.

"ரயில் பாலம் வரிக்கும் வரேன். முடியலன்னா இத்தோட வுட்டுர்றேன். உங்குளுக்கு பேஜாரு குடுத்துகினு இருக்க மாட்டேன்" என்று ஸ்டேஷனில் இறங்கும்போதே சொல்லிவிட்டார்.

அவர் இல்லாமல் நடப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவர் நாலடி முன்னால் போனபோது மற்ற மூவரும் கிசுகிசுத்தோம். அவருக்கு மூச்சு வாங்கும்போதெல்லாம் எங்களில் ஒருவர் ஏதாவது சாக்குச் சொல்லி நிற்க வேண்டும்.

முதலில் அக்கா நின்றார். ஆற்றில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடித்துக்கொண்டிருந்த ஒருவரை வம்புக்கு இழுத்தார். "இத்தப் போயி இறாலுன்னு சொல்றியே, கண்ணு தெர்தா உனுக்கு?" பாவம், அவர் விற்கவே வரவில்லை. அடுத்து பாய், பிறந்ததிலிருந்து பறவையையே பார்க்காதவர் மாதிரி ஒரு கூழைக்கடாவைப் பார்த்து நின்றார். என் முறை வந்தபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. சட்டென்று குனிந்து ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தேன்.

"இன்னா மாமு பண்ணிகினு கீற?" என்றார் அண்ணன்.

"லேசு அவுந்துகிச்சிண்ணே."

அவர் என் காலைப் பார்த்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். ரப்பர் செருப்பு. எங்கள் கூட்டத்தில் ஷூ போடுகிற வழக்கமே யாருக்கும் கிடையாது. அக்கா ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு மட்டும் குலுங்கியது. அண்ணன் மேலே நடந்தார்.

பாலம் வந்தது. அதன் தூணை ஒருமுறை தட்டிக்கொடுத்துவிட்டுத் திரும்பினார். இனிமேல் வருவாரா மாட்டாரா என்று நீ கேள், நீ கேள் என நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டோம்.

திரும்பும்போது அவர் கால் வேகம் பிடித்தது. மதியம் ஒரு கட்டு கட்டிய பிரியாணி என்னைப் பின்னால் இழுத்தது. மூச்சு முட்டியது, சொல்ல வெட்கம். தூரத்தில் அண்ணன் திடீரென்று நிற்பது தெரிந்தது. விழுந்தடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன்.

அவர் குந்தி உட்கார்ந்து, தன் ரப்பர் செருப்புக்கு மேலே, வெறும் காற்றில், நிதானமாக முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். என் மூச்சு அடங்கும்வரை போட்டார்.

"அட்த்த வாரமாச்சும்," என்றார் தலை நிமிராமல், "லேச நல்லா கட்டிகினு வரணும் மாமு."