அண்ணையின் இங்கிலாந்துக் கிராமம்

நான் இங்கிலாந்துக்குப் போனதே இல்லை. ஆனாலும் அங்கே ஒரு குக்கிராமத்தில் கண்ணைக் கட்டி விட்டால்கூடத் தடுமாறாமல் நடப்பேன். தேவாலயம், அதற்கு எதிரே வாத்துக்குளம், போரில் செத்தவர்களின் பெயர் வெட்டிய கல்தூண், அதைத் தாண்டினால் அண்ணையின் கடை. இருபது வருடத்துக்கு மேல் அந்த ஊருக்குப் பாலும் பாணும் பத்திரிகையும் விற்றவர், முழங்கால் தேய்ந்த பிறகு கடையைக் கைமாற்றிவிட்டு கடல் தாண்டி, பியர்பொன்ட்ஸ் என்ற இந்தப் பனி ஊரில் எங்கள் வீட்டோடு வந்திருக்கிறார். வந்த நாளிலிருந்து அந்த ஊர்ப் புராணம்தான். இங்கே பஸ் பிந்தினால், அங்கே பிந்தாதாம். டெப்பனர் என்று இங்கே சொல்லும் மூலைக்கடைக்குப் பால் வாங்கப் போனால், அடுக்கியிருக்கும் விதம் பிழை என்று வாசலிலேயே தொடங்குவார். எனக்குக் காது புளித்துவிட்டது.

ஊர் மண்டபத்தில் வருடா வருடம் நடக்கும் கேக் போட்டிக்கு அவர்தான் நடுவராம். அங்கே அவருக்குச் சொந்தமும் இல்லை, பகையும் இல்லை என்பதால் எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே ஆள். அதைப் பெருமையாகச் சொல்வார். எனக்கு அது பெருமையாகவே படவில்லை.

போன மாசியில் அந்த ஊர்க்காரர்கள் தங்கள் ஊர் வரலாற்றைப் புத்தகமாகப் போடுவதாகவும், அச்சுக்கு முன் பிழை பார்த்துத் தரும்படியும் மின்னஞ்சலில் அனுப்பினார்கள். அண்ணை சோற்றையும் மறந்து அதிலேயே கிடந்தார். வரைபடத்தில் குளம் மற்றப் பக்கத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். நான் தேடியது கடையை. படம் இருந்தது. கீழே, அவருக்கு முன் கடை வைத்திருந்த வெள்ளைக்காரரின் பெயர். அண்ணையின் பெயர் புத்தகத்தில் எங்கும் இல்லை.

"என்ன அண்ணை இது? அந்த மனுசன் செத்து எவ்வளவு காலம்!"

"ஊரிலை எல்லாரும் அவரின்ரை பேரிலைதான் கடையைச் சொல்லுறவை. பலகையை மாத்தினால் சனத்துக்கு மனம் நோகும் எண்டு நானும் விட்டிட்டன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "விடியக்காலமை எழும்பிக் கடை திறந்தது நீங்கள். பனிக்குள்ளை கிழவியளுக்கு வீடு வீடாய்ப் பாண் கொண்டுபோனது நீங்கள். உங்கடை பேரைப் போடச் சொல்லி எழுதுங்கோ!"

"நான் கேட்டு அவை போட்டால், அது நான் போட்டமாதிரித்தானே."

குளத்தைப் பற்றி மட்டும் எழுதி அனுப்பினார். இப்படியும் ஒரு மனிதரா என்று குசினியில் பாத்திரங்களை உருட்டிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், கடைப் படத்தை மங்கிப்போகும் அளவுக்குப் பெரிதாக்கி வைத்திருந்தார்.

"இஞ்சை பார். கண்ணாடிக்குப் பின்னாலை ஆள்மாதிரி ஒண்டு தெரியுது. நான்தானே?"

அது பாண் அடுக்கும் தட்டு. கணினியைத் தூக்கி வெளியே பனிக்குள் எறிய வேண்டும்போல் ஆத்திரம் வந்தது.

"ஓம் அண்ணை, நீங்கள்தான்," என்றேன்.