கண்ணுக்கும் கொட்டேஷன் கேட்டேன்

தொண்ணூறுகளில் ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் பர்ச்சேஸ் பிரிவில் இருந்தேன். மூன்று கொட்டேஷன் வராமல் ஒரு போல்ட்கூட வாங்கமாட்டேன். எவரையும் நம்புவதில்லை.

ஒருநாள் வலது கண்ணில் மின்னல் வெட்டியது. மறுநாள் பார்வையின் கீழ்ப்பாதியில் நிழல் ஏறியது. நானும் மனைவியும் பெங்களூரில் ஒரு கண் டாக்டரிடம் ஓடினோம்.

"விழித்திரை மேல்பக்கம் கிழிஞ்சு பிரிஞ்சிருக்கு. கண்ணுக்குள்ள வாயு ஏத்தினா, அந்தக் குமிழி அழுத்திப் பிடிச்சு ஒட்ட வெச்சிடும். இன்னைக்கே பண்ணிக்குங்க" என்றார்.

இவ்வளவு அவசரப்படுத்துகிறாரே, ஏதோ இருக்கிறது என்று எழுந்துவிட்டேன்.

"ஏங்க, இது கண்ணுங்க. கம்பெனி சாமானா?" என்றாள் மனைவி. நான் கேட்கவில்லை.

லீவு கிடைத்து அடுத்த வாரம்தான் இன்னொரு டாக்டரிடம் போனோம். முதல் டாக்டர் சொன்னதையும் சொன்னேன். "வாயு மட்டும் போதாது. கண்ணைச் சுத்தி வெளிப்பக்கம் சிலிகான் பட்டை வெச்சுத் தைக்கணும்" என்றார் அவர்.

"பார்த்தியா, முதல் ஆள் ஏமாத்தப் பார்த்திருக்கான்!" என்றேன் மனைவியிடம்.

டாக்டர் நிமிர்ந்தார். "அவர் பார்த்தப்போ அதுவே சரி. நீங்க தள்ளிப்போட்டதுல இப்போ கீழயும் கிழிஞ்சிருக்கு. வாயு மேலதான் ஏறும், கீழ்க் கிழிசலைப் பிடிக்காது. மூணாவதா யாரையாவது பார்க்கணுமா?"

"வேணாங்க" என்றாள் மனைவி, எனக்கு முந்தி.

பட்டை வைத்தார்கள். பார்வை வந்தது. ஆனால் அந்தக் கண்ணுக்கு நேர்க்கோடு இன்னும் நெளிந்தே தெரிகிறது.

இப்போதும் இரண்டாவது டாக்டரைக் கேட்பேன், ஆனால் அன்றைக்கே. தினமும் காலையில் ஒவ்வொரு கண்ணாக மூடி, நிழல் ஏதும் ஏறுகிறதா என்று காலண்டரைப் பார்க்கிறேன். சந்தேகப்பட வேண்டிய ஆள் டாக்டர் இல்லை, என் கண்தான்.