எதிர்வீட்டுக் கரண்டு

எங்கள் தெருக் கம்பத்தில் எங்கள் வரிசைக்கு ஒரு கம்பி, எதிர் வரிசைக்கு வேறு கம்பி. ஒன்று போனால் மற்றது எரியும். தெருமுனையில் நின்றால் அனல் மின் நிலையத்துப் புகைக்குழாய் தெரியும். இங்கே பிறக்கிற கரண்டு எந்தெந்த ஊருக்கோ போய்விடுகிறது; எங்கள் வரிசைக்கு வரத்தான் அதற்கு ஆயிரம் சாக்கு.

என் வீட்டுக்காரர் இறந்தது குலசேகரன்பட்டினத்தில் தசரா நடக்கிற சமயம். ஒரே மகன் கப்பலில் வேலை பார்க்கிறான். கப்பல் மும்பையில் நின்றது. “நாளைக்குச் சாயங்காலம் வந்துருதேன். அப்பா மொகத்த மூடிராதிய” என்று போனில் அழுதான். குளிர்பெட்டி வாடகைக்கு எடுத்து அவரை உள்ளே வைத்தோம்.

மறுநாள் காலை பெட்டியின் இரைச்சல் நின்றுபோனது. கம்பத்தில் ஏறிப் பார்த்த லைன்மேன் இறங்கி வந்து சொன்னார்: “உப்புக் காத்துல கம்பத்துப் பீங்கான் வெடிச்சி கம்பி அத்துருச்சி, பெரியம்மா. சாமான் வந்து மாட்ட பொழுது சாஞ்சிரும்.”

“அடுத்த கம்பில மாத்திக் குடுங்களேன்” என்றார் என் அண்ணன்.

“தாங்காது அண்ணாச்சி, மொத்தத் தெருவும் போயிரும். எதுத்த வீட்டுலருந்து ஒரு வயர இழுத்துக்கிடுங்க.”

வாடகை ஜெனரேட்டர் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. எல்லாம் தசராவுக்குப் போயிருந்தது.

எதிர் வீடு என் கொழுந்தனுடையது; வயர் எட்டுகிற தூரத்தில் அந்த வரிசையில் வேறு வீடு இல்லை. அவர் மகள் கலியாணத்தில், சம்பந்தக்காரர்களுக்கு மீன் வாடை அடிக்கும் என்று அவர் பெண்டாட்டி என்னைப் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டாள். கூடை தூக்கி மீன் விற்று மகனைப் படிக்கவைத்தவள் நான். அன்றோடு அந்த வாசலை மிதிப்பதில்லை.

அண்ணன் போய்க் கேட்டார். அவள் வாசலுக்கு வந்து, தெருவுக்கே கேட்கும்படி பேசினாள். அவளுக்குப் பின்னால் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

“குடுக்க மாட்டேன்னு சொல்லல. அவ வந்து கேக்கட்டும்.”

“புருசனப் பறிகுடுத்துட்டு உக்காந்திருக்கா, எப்படிம்மா வருவா?”

“வரக் கூச்சமா இருந்தா ஐஸ் வாங்கி அள்ளிப் போடச் சொல்லுங்க. எத்தன மீனக் கெடாம வித்தவ, அவளுக்குத் தெரியாத பக்குவமா?”

இழவுக்குத் துட்டி கேட்க வந்த பெண்களில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். கொழுந்தன் உள்ளேதான் இருந்தார். செத்தது அவர் கூடப்பிறந்தவர். வெளியே வரவில்லை.

அண்ணன் மீன்பிடித் துறையிலிருந்து ஐஸ் பார் கொண்டுவரச் செய்தார். “இது என் வாசப்படியத் தாண்டக் கூடாது” என்றேன். அது தெருவிலேயே கரைந்து ஓடியது.

மதியத்துக்குள் பெட்டிக் கண்ணாடி வேர்த்துவிட்டது. அவர் முகம் கறுத்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் முந்தானையை மூக்கில் வைத்தார்கள்.

“ஒரு வார்த்த கேட்டா வாயில உள்ள முத்தா உதுந்துரும்?” என்றாள் மைனி, அண்ணன் பெண்டாட்டி.

“மாதா கோயில் சாமியார வரச் சொல்லுங்க. நாலு மணிக்கு எடுத்துருவோம்” என்றேன்.

“பிள்ள வாரானே!”

“வரட்டும்.”

பொழுது சாயும்போது அவன் வந்தான். நேராகக் கல்லறைக்குப் போய், கை நிறைய மண்ணோடு திரும்பினான்.

“எதுத்த வீட்டுல கரண்டு இருந்துச்சாமே?”

“இருந்துச்சி.”

“நீ கேக்கலியா?”

“நான் எதுக்குலே கேக்கணும்?”

“அப்பா மொகம் ஒனக்கு வேண்டாம். எனக்கு வேண்டியிருந்துச்சி.”

பையை எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டினான். சித்தப்பா வீட்டில்தான் சாப்பிட்டான், அங்கிருந்தே கப்பலுக்குப் போனான். இன்றைக்கும் லீவில் வந்தால் அங்கேதான் இறங்குகிறான். அவளும் அவனுக்கு ஆசை ஆசையாக மீன் குழம்பு வைக்கிறாள் என்று கேள்வி.

கேட்டிருக்கலாம் என்று இப்போதும் சிலர் என்னிடம் சொல்கிறார்கள். சொல்லட்டும். அண்ணனிடம் ஒன்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறேன். நான் போனால் குளிர்பெட்டி எடுக்க வேண்டாம். யாருக்காகவும் காத்திருக்காமல் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும்.